லாக்கை விட்ட பிறகு எழுப்புவது: கெர்னலில் வேக்-கியூவைச் சரியாகப் பயன்படுத்த முழுமையான வழிகாட்டி

ஸ்பின்லாக்கை, அதாவது கிடைக்கும் வரை சுற்றிக்கொண்டே காத்திருக்க வைக்கும் பூட்டை, பிடித்துக்கொண்டே ஒரு திரெட்டை எழுப்பினால், அது வேறொரு சிபியுவில் எழுந்து, பெரும்பாலும் முதல் வேலையாக அதே லாக்கைத்தான் கேட்கும். நாம் இன்னும் விட்டிருக்க மாட்டோம். எழுந்த திரெட் சும்மா சுற்றிக்கொண்டு நிற்கும். எழுப்பும் வேலையும் லேசானதில்லை. அந்த டாஸ்க்கின் (கெர்னலுக்கு ஒவ்வொரு திரெட்டும் ஒரு டாஸ்க்) உள் லாக், அது ஓடப்போகும் சிபியுவின் ரன்-கியூ (ஓடத் தயாராக நிற்கும் டாஸ்க்குகளின் வரிசை) லாக் என்று பலவற்றைத் தொட்டாக வேண்டும். எழுப்ப வேண்டியவை நூறு இருந்தால் அத்தனையும் நம் லாக்குக்குள்ளேயே நடக்கும்.

லாக்குக்குள் இருக்கும்போது யாரை எழுப்புவது என்று குறித்துக்கொண்டு, லாக்கை விட்டதும் எழுப்புவதுதான் வழி. லினக்ஸ் கெர்னலில் இதற்கு வேக்-கியூ என்ற வசதி 4.2 பதிப்பிலிருந்து (2015) இருக்கிறது. ஃப்யூடெக்ஸ், ம்யூடெக்ஸ், ரீட்-ரைட் செமஃபோர் என்ற லாக் வசதிகள், புரோசஸ்களுக்கு நடுவே செய்தி அனுப்பும் மெசேஜ் கியூ எல்லாமே இதைத்தான் பயன்படுத்துகின்றன. அழைப்புகள் சில மட்டுமே, அவற்றை ஒரு மணி நேரத்தில் படித்துவிடலாம். ஆனால் அவற்றைச் சுற்றி இருக்கும் வரிகள் எந்த வரிசையில் வர வேண்டும் என்பதில்தான் புதிதாக வருபவர்கள் தடுக்கி விழுகிறார்கள். இந்த வழிகாட்டி முழுக்க அந்த வரிசையைப் பற்றியதுதான்.

1. முதலில், இது தேவைதானா என்று பாருங்கள்

எழுப்புதலைத் தள்ளிப்போடுவதற்கு நியாயமான காரணங்கள் இரண்டு. ஒன்று, லாக்குக்கு நெரிசல் அதிகம், எழுப்பப்படும் திரெட்டும் அதே லாக்கைக் கேட்கிறது. இன்னொன்று, லாக் வரிசைச் சிக்கல். நம் லாக்கைப் பிடித்தபடி ரன்-கியூ லாக்கைத் தொடுகிறோம்; வேறொரு பாதையில் ரன்-கியூ லாக்கைப் பிடித்தபடி நம் லாக்கைத் தொட வாய்ப்பிருக்கிறது என்றால் அது டெட்லாக், ஒன்றுக்காக ஒன்று காத்து இரண்டும் நின்றுபோகும்.

இரண்டும் இல்லை, ஒரே ஒரு திரெட்டை எப்போதாவது எழுப்புகிறீர்கள் என்றால் சாதாரண வெயிட்-கியூவே (தூங்குபவர்கள் காத்திருக்கும் பட்டியல்) போதும். அது தன் லாக்கைத் தானே பார்த்துக்கொள்ளும். வேக்-கியூ போட்டால் வேகம் தானாக வந்துவிடும் என்று நம்பி, அளந்து பார்க்காமல் மாற்றுபவர்கள் நிறைய. கெர்னலின் வேகத்தை அளக்கும் பெர்ஃப் கருவியில் ஃப்யூடெக்ஸ் எழுப்புதலுக்கென்றே அளவீட்டுச் சோதனை இருக்கிறது. உங்கள் துணை அமைப்புக்கும் அப்படி ஒன்றை எழுதி வைத்துக்கொண்டு ஆரம்பியுங்கள்.

2. குறியீட்டைத் தொடும் முன் நான்கு கேள்விகள்

இவற்றின் பதிலைக் காகிதத்தில் எழுதிவிடுங்கள். எழுத முடியவில்லை என்றால் மாற்றத்தைத் தொடங்க வேண்டாம்.

தூங்கும் திரெட் எந்த நிபந்தனைக்காகக் காத்திருக்கிறது? அந்த நிபந்தனையை லாக்கோடு படிக்கிறதா, லாக் இல்லாமல் படிக்கிறதா? காத்திருப்போர் பட்டியலில் அதற்கான பதிவு எங்கே இருக்கிறது, தூங்குபவரின் ஸ்டாக்கிலா, தனியாக ஒதுக்கிய நினைவகத்திலா? நேரம் முடிந்தோ சிக்னல் வந்தோ அது தானாக எழுந்தால், பட்டியலிலிருந்து அதை யார் நீக்குகிறார்கள்?

இவற்றில் அதிகம் கவனிக்க வேண்டியது மூன்றாவது. கெர்னலில் இந்தப் பதிவு பெரும்பாலும் தூங்குபவரின் ஸ்டாக்கில்தான் இருக்கும். தூங்குபவர் எழுந்து தன் ஃபங்ஷனை விட்டு வெளியேறிய கணமே அந்தப் பதிவு இருந்த இடம் வேறு எதற்கோ போய்விடும். இதை மறந்தால் என்ன ஆகும் என்பதை 5-ம் படியில் பார்க்கலாம்.

3. தூங்கும் பக்கத்தை முதலில் சரிசெய்யுங்கள்

எழுப்பும் பக்கத்தைத்தானே மாற்றுகிறோம், தூங்கும் பக்கத்தை ஏன் தொட வேண்டும் என்று தோன்றும். வேக்-கியூ வந்ததும் காரணமில்லாத எழுப்புதல்கள் அதிகமாகும். வேறு யாரோ, வேறு எதற்கோ, கொஞ்ச நேரம் முன் குறித்து வைத்த எழுப்புதல் இப்போது வந்து சேரலாம். 'எழுந்துவிட்டேன், ஆகவே நிபந்தனை நிறைவேறிவிட்டது' என்று நினைக்கும் குறியீடு இதுவரை அதிர்ஷ்டத்தில் ஓடியிருக்கும். இனி ஓடாது.

வடிவம் இப்படி இருக்க வேண்டும்:

சுழற்சி தொடக்கம்
— என் நிலையை 'தூக்கம்' என்று மாற்று
— நிபந்தனை நிறைவேறியதா? ஆம் எனில் வெளியேறு
— சிக்னல் அல்லது நேர முடிவா? ஆம் எனில் வெளியேறு
— ஷெட்யூலரை அழை
சுழற்சி முடிவு
என் நிலையை 'ஓட்டம்' என்று மாற்று

முதல் இரண்டு வரிகளை இடம் மாற்றக் கூடாது. நிபந்தனையைப் பார்த்துவிட்டு அப்புறம் நிலையை மாற்றினால், அந்த இடைவெளியில் வந்த எழுப்புதல் 'இது ஏற்கெனவே ஓடிக்கொண்டுதானே இருக்கிறது' என்று திரும்பிப் போய்விடும். திரெட் அதற்குப் பிறகு தூங்கும், எழுப்ப ஆள் இருக்காது. நிலையை மாற்றும் செட்_கரன்ட்_ஸ்டேட் அழைப்பில் முழு மெமரி பேரியர் (முன்னும் பின்னும் உள்ள படிப்பு, எழுத்துகள் இடம் மாறாமல் தடுப்பது) உள்ளேயே இருக்கிறது. முன்னால் இரண்டு அடிக்கோடு போட்ட வடிவத்தில் அது கிடையாது. அதனால் தூங்கப் போகும்போது முதலாவதையும், சுழற்சியை விட்டு வெளியே வந்தபின் இரண்டாவதையும் பயன்படுத்துங்கள்.

நிபந்தனையை லாக் இல்லாமல் படிப்பதானால் அக்வயர் வகைப் படிப்பாகவே (பின்னால் வரும் படிப்புகள் இதற்கு முன்னே நகராது) இருக்கட்டும். எழுப்புபவர் பதிவில் எழுதி வைத்த தரவு, நிபந்தனை தெரியும்போதே தெரிய வேண்டும்.

4. வேக்-கியூ வரிசையை அறிவிப்பது

டிஃபைன்_வேக்_க்யூ என்ற மேக்ரோவால் வரிசையின் தலையை உங்கள் ஸ்டாக்கில், லாக்கைப் பிடிக்கும் முன்பே அறிவியுங்கள். அதைப் பொது மாறியாகவோ ஆப்ஜெக்டுக்குள் ஒரு புலமாகவோ வைக்க வேண்டாம். இந்தத் தலைக்கு எந்தப் பாதுகாப்பும் கிடையாது, ஒரே திரெட் மட்டும் தொடும் என்ற நம்பிக்கையில்தான் லாக் இல்லாமல் இயங்குகிறது.

5. லாக்குக்குள்: நான்கு செயல்கள், இதே வரிசையில்

நிதானமாகப் படிக்க வேண்டிய படி இது. காத்திருக்கும் ஒருவரை எழுப்ப முடிவு செய்துவிட்டீர்கள், லாக் கையில் இருக்கிறது. இனிச் செய்ய வேண்டியவை:

அ) பதிவிலிருந்து டாஸ்க் பாயிண்டரை ஒரு லோக்கல் மாறியில் எடுத்து, கெட்_டாஸ்க்_ஸ்ட்ரக்ட் மூலம் அதற்கு ஒரு ரெஃபரன்ஸ் ('இன்னும் பயன்பாட்டில் இருக்கிறது, விடுவிக்காதே' என்ற கணக்கு) பிடியுங்கள்.
ஆ) பதிவைப் பட்டியலிலிருந்து நீக்குங்கள்.
இ) 'உன் முறை முடிந்தது' என்ற குறியை ரிலீஸ் வகை எழுத்தாக (முன்னால் எழுதியவை இதற்குப் பின்னே நகராது) பதிவில் எழுதுங்கள்.
ஈ) லோக்கல் மாறியில் இருக்கும் டாஸ்க்கை வேக்_கியூ_ஆட்_சேஃப் மூலம் வரிசையில் போடுங்கள்.

அ முதலில் வருவதற்குக் காரணம் இ. அந்தக் குறியைப் பார்க்க தூங்குபவருக்கு லாக் தேவையில்லை. நீங்கள் எழுதிய மறுகணம், அதே நேரத்தில் சிக்னலாலோ வேறு எதனாலோ தற்செயலாக எழுந்த அந்தத் திரெட் குறியைப் பார்த்துவிட்டு ஃபங்ஷனை விட்டு வெளியேறலாம். புரோசஸே முடிந்தும் போகலாம். அப்போது ஸ்டாக்கிலிருந்த பதிவு போயிற்று, ரெஃபரன்ஸ் பிடிக்கவில்லை என்றால் டாஸ்க் கட்டமைப்பும் போயிற்று. குறியை எழுதும் வரை இந்த ஆபத்து இல்லை. பட்டியலில் இருக்கும் வரை, வெளியேற அது நம் லாக்கைப் பிடித்தாக வேண்டும்.

கெர்னலின் மெசேஜ் கியூவில் 2021-ல் திருத்தப்பட்ட பிழை இதுதான். பெறுபவரின் பதிவில் 'தயார்' என்று நிலையை எழுதிவிட்டு, அடுத்த வரியில் அதே பதிவிலிருந்து டாஸ்க் பாயிண்டரைப் படித்தார்கள். இரண்டு வரிகளுக்கு நடுவே பெறுபவர் எழுந்து போய்விட்டால், படிப்பது செத்த ஸ்டாக்கை. கணினி விழுந்தது. திருத்தத்தில் புதிதாக எதுவும் கண்டுபிடிக்கவில்லை. டாஸ்க்கை முதலில் லோக்கல் மாறியில் எடுத்து ரெஃபரன்ஸ் பிடி, பிறகு நிலையை எழுது, அவ்வளவுதான்.

'வேக்_கியூ_ஆட் தானே ரெஃபரன்ஸ் பிடிக்கிறதே, நான் ஏன் தனியாகப் பிடிக்க வேண்டும்?' என்ற கேள்வி தவறாமல் வரும். உண்மைதான், அது பிடிக்கிறது. ஆனால் குறியை எழுதிய பிறகு பிடிப்பதால் காலம் கடந்துவிடுகிறது. அதனால்தான் சேஃப் வடிவம் வந்தது. நீங்கள் முன்கூட்டியே பிடித்த ரெஃபரன்ஸை அது ஏற்றுக்கொள்கிறது. வரிசையில் சேர்க்க முடிந்தால் அந்த ரெஃபரன்ஸ் வரிசையின் பொறுப்பு. முடியவில்லை என்றால் அதுவே விடுவித்துவிடும். ஆகவே சேஃப் வடிவத்தை அழைத்தபின் நீங்கள் மறுபடி விடுவிக்கக் கூடாது. சாதாரண வடிவத்தையே பயன்படுத்தினால் உங்கள் ரெஃபரன்ஸை நீங்கள்தான் விடுவிக்க வேண்டும். இந்த இரண்டையும் கலப்பவர்கள் ஒன்று கசிவை உண்டாக்குகிறார்கள், அல்லது இரட்டை விடுவிப்பில் மாட்டுகிறார்கள்.

எண்ணிக்கைக்கும் ஒரு வரம்பு வையுங்கள். எழுப்புதல் லாக்குக்கு வெளியே போய்விட்டாலும் பட்டியலை நடந்து தீர்ப்பது உள்ளேதான் நடக்கிறது. ரீட்-ரைட் செமஃபோர் ஒரு சுற்றில் எழுப்பும் ரீடர்களை 256-க்கு மேல் விடுவதில்லை.

6. வரிசையில் போட்ட இடத்திலேயே எழுந்துவிட்டதாக நினைத்து எழுதுங்கள்

இ ஏன் ஈ-க்கு முன்? குறியை எழுதுவதும் வரிசையில் போடுவதும் லாக்குக்குள்தானே, எழுப்பப்போவது வெளியே வந்த பிறகுதானே, எது முதலில் வந்தால் என்ன? இப்படி நினைத்து எழுதிய குறியீடு கெர்னலிலேயே இருந்தது. ஃப்யூடெக்ஸ், ரீட்-ரைட் செமஃபோர் இரண்டிலும் இதைத் திருத்த வேண்டியிருந்தது.

ஒரு டாஸ்க்குக்குள் வேக்-கியூ இணைப்பு ஒன்றே ஒன்றுதான். ஒரு நேரத்தில் ஒரு வரிசையில்தான் அது இருக்க முடியும். ஏற்கெனவே வேறொருவரின் வரிசையில் இருந்தால் உங்கள் சேர்ப்பு பேசாமல் திரும்பிவிடும். எப்படியும் ஒரு எழுப்புதல் வரப்போகிறது, இரண்டாவது எதற்கு என்ற கணக்கு அது. அந்த எழுப்புதல் எப்போது வரும் என்பது உங்கள் கையில் இல்லை.

மூன்று சிபியுக்களை வைத்துப் பார்ப்போம். 'த' என்ற திரெட் ஏதோ ஒரு பொருளுக்காகத் தூங்குகிறது. சிபியு 1 அதைத் தன் வரிசையில் போட்டுவிட்டது, இன்னும் எழுப்பவில்லை. அதற்குள் 'த' நேரம் முடிந்து தானாக எழுந்து, சிபியு 3-ல் ஓடி, இப்போது உங்கள் லாக்குக்காகத் தூங்கப் போய்விட்டது. சிபியு 2-ல் நீங்கள் 'த'வை வரிசையில் போடுகிறீர்கள். சிபியு 1-ன் இணைப்பு இன்னும் இருப்பதால் சேர்ப்பு நடக்கவில்லை. இந்தக் கணத்தில் சிபியு 1 தன் வரிசையைத் தீர்க்கிறது. 'த' எழுந்து உங்கள் குறியைப் பார்க்கிறது. நீங்கள் இன்னும் எழுதவில்லை. சரி, நம் முறை வரவில்லை என்று மறுபடி தூங்கிவிடுகிறது. பிறகு நீங்கள் குறியை எழுதுகிறீர்கள், லாக்கை விடுகிறீர்கள், உங்கள் வரிசையைத் தீர்க்கிறீர்கள். அதில் யாரும் இல்லை. 'த' அப்படியே கிடக்கிறது.

ஆகவே விதி இது: எழுந்தவர் பார்க்க வேண்டிய எல்லாமும், நிலை, தரவு, குறி என்று ஒன்று விடாமல், சேர்க்கும் அழைப்புக்கு முன்பே எழுதி முடிந்திருக்க வேண்டும். சேர்ப்பு தோற்றாலும் அந்த எழுத்துகள் தெரிவதற்காக, அழைப்பின் உள்ளே அணுச் செயலுக்கு (நடுவே வேறு சிபியு புக முடியாத ஒரே மூச்சுச் செயல்) முன் முழு பேரியர் வைத்திருக்கிறார்கள். நீங்கள் தனியாகப் போட வேண்டியதில்லை. ஆனால் அந்த பேரியர் தனக்கு முன்னால் எழுதியதைத்தான் காப்பாற்றும்.

7. லாக்கை விட்டபின்

இடைவெளியைக் குறுகலாக வையுங்கள். லாக்கை விட்ட அடுத்த வேலை, வரிசையில் இருப்பவர்களை எழுப்பும் வேக்_அப்_கியூவாக இருக்கட்டும். வரிசையில் போட்ட பிறகு, எழுப்பும் முன், நீங்கள் தூங்கக் கூடாது, வேறு லாக்குக்காகக் காத்திருக்கவும் கூடாது. இது வெறும் தாமதம் என்று தோன்றலாம். ஆனால் அந்த டாஸ்க் உங்கள் வரிசையில் இருக்கும் வரை மற்ற எல்லாருடைய சேர்ப்பும் உங்களை நம்பித் திரும்பிப் போகிறது. உங்களுக்குச் சம்பந்தமே இல்லாத ஒரு துணை அமைப்பின் எழுப்புதலையும் நீங்கள்தான் சுமக்கிறீர்கள். நீங்கள் காத்திருக்கும் லாக்கை வைத்திருப்பது அதே டாஸ்க் என்றால் டெட்லாக்தான்.

எல்லா வெளியேறும் பாதைகளையும் பாருங்கள். பிழை நேர்ந்தால் தாவும் லேபிளில் எழுப்பும் அழைப்பு விடுபட்டிருப்பது நான் திரும்பத் திரும்பப் பார்க்கும் தவறு. வரிசையில் போட்டது ஒரு வாக்குறுதி. அதற்குப் பிறகு வேலை தோற்றாலும் எழுப்பியே ஆக வேண்டும். வெளியேறும் பாதைகள் பலவாக இருந்தால், லாக்கை விடுவதையும் எழுப்புவதையும் ஒரே லேபிளின் கீழ் கொண்டுவந்துவிடுங்கள்.

லாக்கை விட்டபின் அந்த லாக் இருக்கும் ஆப்ஜெக்டைத் தொட வேண்டாம். எழுப்புதல் டாஸ்க்குகளை மட்டும்தான் தொடுகிறது, அவற்றுக்கு ரெஃபரன்ஸ் இருக்கிறது. ஆப்ஜெக்டுக்கு அப்படி ஒன்றும் இல்லை. 'எழுப்பியாயிற்று, ஒரு கணக்கை மட்டும் ஏற்றிவிடலாம்' என்று ஆப்ஜெக்டின் புலத்தை மாற்றும் ஒரு வரி போதும், யாரோ ஏற்கெனவே விடுவித்த நினைவகத்தில் எழுதியிருப்பீர்கள்.

முன்னுரிமை கடனாகப் பெறும் ஆர்டி-ம்யூடெக்ஸ் வகை லாக்குகளில் இன்னொரு கண்ணியும் உண்டு. காத்திருக்கும் உயர் முன்னுரிமைத் திரெட்டுக்காக உங்கள் முன்னுரிமை உயர்த்தப்பட்டிருக்கிறது. லாக்கை விடும்போது அது பழைய நிலைக்கு இறங்கும். இறங்கிய பின், எழுப்பும் முன், இடைப்பட்ட முன்னுரிமையுள்ள ஒரு திரெட் உங்களை ஓரங்கட்டிவிட்டால்? லாக் காலியாகக் கிடக்கிறது, உயர் முன்னுரிமைத் திரெட் தூங்கிக்கொண்டிருக்கிறது, எழுப்ப வேண்டிய நீங்கள் வரிசையில் நிற்கிறீர்கள். அதனால் முன்னுரிமையை இறக்கும் முன்பே ப்ரீயெம்ப்ஷனை (ஓடும் திரெட்டை நடுவில் இறக்கி வேறொன்றை ஓடவிடுவதை) நிறுத்தி, எழுப்பி முடித்த பிறகே திறக்க வேண்டும்.

8. நேர முடிவும் சிக்னலும்

தூங்குபவர் நேரம் முடிந்து எழுந்தால் உடனே தோல்வி என்று திரும்பக் கூடாது. லாக்கைப் பிடித்து, தன் பதிவு இன்னும் பட்டியலில் இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். இருந்தால் நீக்கிவிட்டுத் தோல்வி சொல்லலாம். இல்லையென்றால் எழுப்புபவர் ஏற்கெனவே இதைத் தேர்ந்தெடுத்துவிட்டார், தரவையும் கொடுத்துவிட்டார். அது வெற்றிதான். அங்கே தோல்வி என்று சொன்னால் ஒரு செய்தியோ ஒரு செமஃபோர் எண்ணிக்கையோ யாருக்கும் கிடைக்காமல் தொலையும்.

9. வரிசையை மறுபடி பயன்படுத்துவதானால்

வேக்_அப்_கியூ வரிசையின் தலையைப் பழைய நிலைக்குக் கொண்டுவருவதில்லை. ஃபங்ஷனின் கடைசியில் ஒருமுறை அழைக்கப்படும் என்ற எண்ணத்தில் எழுதப்பட்டது அது. சுழற்சிக்குள் மறுபடி வேண்டுமென்றால் வேக்_கியூ_இனிட் அழையுங்கள். மறந்தால் ஏற்கெனவே எழுப்பி, ரெஃபரன்ஸும் விட்ட டாஸ்க்குகளைப் பழைய சுட்டி வழியாக மறுபடி நடப்பீர்கள்.

10. வேறு கெர்னலுக்காக நீங்களே இப்படி ஒன்றை எழுதினால்

இரண்டு நுணுக்கங்களைச் சொல்லிவிடுகிறேன். லினக்ஸில் வரிசையின் கடைசி இணைப்பில் வெற்றுப் பாயிண்டர் இருக்காது, 1 என்ற தனி மதிப்பு இருக்கும். வெற்று என்றால் 'எந்த வரிசையிலும் இல்லை' என்று பொருள். வழக்கமான பட்டியல் போல வெற்றில் முடித்தால், கடைசியில் இருக்கும் டாஸ்க் எந்த வரிசையிலும் இல்லாதது போலத் தெரியும். இன்னொரு சிபியு அதைத் தன் வரிசையில் சேர்த்துவிடும்.

தீர்க்கும்போதும் வரிசை முக்கியம். அடுத்த டாஸ்க்கின் முகவரியைப் படி, இணைப்பை வெற்றாக்கு, எழுப்பு, ரெஃபரன்ஸை விடு. வெற்றாக்கிய கணமே வேறொருவர் அதை எடுத்துக்கொள்ளலாம், அதனால் அடுத்ததை முன்பே படிக்க வேண்டும். எழுப்பிய பிறகு வெற்றாக்கினால், நடுவே வரும் சேர்ப்பு 'ஏற்கெனவே வரிசையில் இருக்கிறது' என்று திரும்பிவிடும். ஆனால் அந்த எழுப்புதல் முடிந்து போயிருக்கும்.

11. சோதிப்பது

இந்தப் பிழைகள் சாதாரண ஓட்டத்தில் தலைகாட்டாது, இடைவெளியை நீங்கள்தான் அகலமாக்க வேண்டும். சோதனைக் கெர்னலில் மூன்று இடங்களில் சில மைக்ரோ விநாடி வெற்றுச் சுழற்சி போடுங்கள்: குறியை எழுதியதற்கும் சேர்ப்பதற்கும் நடுவே, லாக்கை விட்டதற்கும் எழுப்புவதற்கும் நடுவே, தூங்கும் பக்கத்தில் நிலையை மாற்றியதற்கும் நிபந்தனையைப் பார்ப்பதற்கும் நடுவே. கூடவே தூங்கும் திரெட்களுக்கு இடைவிடாமல் சிக்னல் அனுப்பிக்கொண்டே இருங்கள். நேர முடிவை மிகச் சிறியதாக வையுங்கள். 6-ம் படியின் மூன்று சிபியு ஓட்டம் வர, ஒரே டாஸ்க்கை இருவேறு பொருள்களில் மாறி மாறித் தூங்கவிட வேண்டும்.

கருவிகளில் லாக்டெப் லாக் வரிசைச் சிக்கலைக் காட்டும். கேசான் விடுவித்த நினைவகத்தைத் தொடுவதைப் பிடிக்கும். கேசிசான் பாதுகாப்பில்லாத படிப்பு, எழுத்துகளைக் காட்டும். தொலைந்த எழுப்புதலை இவை எதுவும் பிடிக்காது. தொங்கும் டாஸ்க் கண்டறிவானை இயக்கி, அதன் வழக்கமான 120 விநாடி வரம்பைச் சோதனைக்காகக் குறைத்துக்கொள்ளுங்கள். அது பார்ப்பது குறுக்கிட முடியாத தூக்கத்தில் இருக்கும் டாஸ்க்குகளை மட்டும். குறுக்கிடக்கூடிய தூக்கம் என்றால் சோதனை நிரலிலேயே ஒரு காவல் நேரம் வையுங்கள்.

ஏதாவது தொங்கினால் ஷெட்_வேக்கிங், ஷெட்_வேக்கப் என்ற இரு டிரேஸ் புள்ளிகளையும் (நடந்ததைக் கெர்னல் பதிவு செய்யும் இடங்கள்) பாருங்கள். முதலாவது எழுப்புபவரின் பக்கத்தில் பதிவாகும், இரண்டாவது அந்த டாஸ்க் ஓடத் தயாரான பிறகு. தொங்கும் டாஸ்க்குக்குக் கடைசியாக வந்த எழுப்புதல் எந்தச் சிபியுவில், யாரால் நடந்தது என்று தேடுங்கள். அது உங்கள் குறியீடாக இல்லாமல் முற்றிலும் வேறொரு துணை அமைப்பாக இருந்தால், நேராக 6-ம் படிக்குப் போய் குறியை எழுதும் வரி எங்கே இருக்கிறது என்று பாருங்கள். எழுப்புதலே வரவில்லை என்றால் 7-ம் படியின் வெளியேறும் பாதைகளிலிருந்து தொடங்குங்கள்.